கம்பியை வெட்டாமல் டேஷ்கேம், ஜோடி ஹாரன்: வாரண்டி உள்ள காரில் இதுவரை

மூன்றாவது முயற்சியில் கார் ஒழுங்காகத் தூங்கிவிட்டது. பூட்டி வைத்த வண்டி பேட்டரியிலிருந்து இழுப்பது இப்போது 24 மில்லி ஆம்ப். டேஷ்கேம் (சாலையைப் பதிவு செய்யும் கேமரா) பொருத்துவதற்கு முன் 18 இருந்தது. முதல் இரண்டு அளவீட்டிலும் 300-க்குக் கீழே இறங்க மறுத்தது.

முதல் தோல்விக்குக் காரணம் ஒரு ஊகம். ஹார்ட்வயர் கிட்டில் (கேமராவுக்கு ஃபியூஸ் பெட்டியிலிருந்து கரண்ட் எடுக்கும் கம்பித் தொகுப்பு) மூன்று கம்பி: மஞ்சள் எப்போதும் உயிரோடு இருக்கும் ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸுக்கு, கருப்பு பாடிக்கு. சிவப்பை 12 வோல்ட் சாக்கெட் ஃபியூஸில் செருகியாயிற்று, எல்லாக் காரிலும் அது சாவியோடு அணையும் என்ற நம்பிக்கையில். இந்தக் காரில் அணையவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருப்பதாகவே நினைத்துக் கேமரா ராத்திரி முழுக்கப் பதிவு செய்திருக்கிறது. மூடியில் அச்சடித்த ஃபியூஸ் படத்தை நம்பாதீர்கள். சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, அரை மணி கழித்து மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. பவர் விண்டோ ஃபியூஸையும் தவிர்ப்பது நல்லது. சாவியை எடுத்த பிறகும் கண்ணாடியை ஏற்ற வசதியாகக் கொஞ்ச நேரம் கரண்ட் விடும் கார்கள் உண்டு.

இரண்டாவது தோல்வி தோல்வியே அல்ல, அளந்த விதம் தப்பு. பானெட் திறந்திருந்தால் அதன் சுவிட்ச் பாடி கன்ட்ரோல் மாட்யூலை (பூட்டு, விளக்கு போன்றவற்றைக் கவனிக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்) விழித்திருக்கச் செய்கிறது. கதவு திறந்திருந்தாலும் அப்படியே. பூட்டுக் கொண்டியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி 'மூடிய' நிலைக்குக் கொண்டுவந்து, ரிமோட்டில் பூட்டி, சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு 40 நிமிடம் காத்திருந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். மீட்டர் 10 ஆம்ப் துளையில், பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே. அந்த நேரத்தில் யாராவது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் காலி. மாற்று ஃபியூஸ் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆனால் பீங்கான் உடல் கொண்டதைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடிக் குழாய் வகையை அந்த இடத்தில் போடக்கூடாது.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்றால், புது வண்டியில் பேட்டரி அடிக்கடி இறங்கினால் சர்வீஸ் சென்டர் முதலில் அளப்பது இந்த எண்ணைத்தான். 50 மில்லி ஆம்புக்குள் இருந்தால் வெளிப்பொருளைக் கைகாட்ட முடியாது. கேமராவின் பார்க்கிங் மோடை (நிறுத்திய வண்டியையும் கண்காணிக்கும் வசதி) போட்டால் சுமார் 300 வரும். ஒரு நாளைக்கு 7 ஆம்ப்-அவர். சின்ன பெட்ரோல் காரின் 35 ஆம்ப்-அவர் பேட்டரியில் இரண்டரை நாளில் பாதி போய்விடும். கிட்டில் குறைந்த வோல்டேஜ் வெட்டு 11.8, 12.0, 12.2, 12.4 என்று இருந்தால் 12.2-க்குக் கீழே வைக்க வேண்டாம். ஓய்வில் 12.6 என்றால் முழு பேட்டரி, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8 என்றால் தள்ளு வண்டி. பேட்டரிக்கும் டயருக்கும் வாரண்டி தருவது பெரும்பாலும் கார் கம்பெனி அல்ல, அவற்றைச் செய்தவர்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஃபியூஸ் டேப், அதாவது ஃபியூஸ் இருந்த வாயில் செருகி, பழைய ஃபியூஸோடு புதுச் சுற்றுக்கும் ஒரு ஃபியூஸ் போட இடம் தரும் துண்டு. சந்தையில் நூறு ரூபாய் சமாச்சாரம், ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் தலைகீழாகத்தான் செருகுகிறார்கள் என்பது என் கணிப்பு. டேப்புக்கு இரண்டு கால். ஒரு கால் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவானது, மற்றது பழைய சுற்றுக்கு மட்டும் போவது. பொதுக்கால் பெட்டியில் உயிருள்ள பக்கத்தில் உட்கார வேண்டும். அப்போதுதான் கேமராவின் கரண்ட் தன் சொந்த ஃபியூஸ் வழியாக மட்டும் போகும், பழைய ஃபியூஸுக்குப் பாரம் ஏறாது. திருப்பிச் செருகினாலும் கேமரா வேலை செய்யும், அதுதான் ஆபத்து. புதுச் சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும். ஒரு நாள் வைப்பரும் கேமராவும் சேர்ந்து இழுக்கும்போது அது எரியும், 'எலக்ட்ரிகல் டேம்பரிங்' (கம்பியில் கைவைத்தது) என்று சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் ஏறும்.

கண்டுபிடிப்பது எளிது. பழைய ஃபியூஸைப் பிடுங்கி, சாவியைப் போட்டு, மீட்டரின் கருப்பை பாடியில் வைத்து, சிவப்பால் இரண்டு வாயையும் தொடுங்கள். 12 வோல்ட் காட்டுவது உயிர்ப்பக்கம். பிறகு டேப்பை மேசையில் வைத்து, இரண்டு ஃபியூஸையும் கழற்றிவிட்டு, மீட்டரைத் தொடர்ச்சிச் சத்தத்துக்கு மாற்றுங்கள். எந்தக் கால் இரண்டு ஃபியூஸ் குழியிலும் ஒவ்வொரு முனையோடு 'பீப்' கொடுக்கிறதோ அதுவே பொதுக்கால். பெரும்பாலும் கம்பி வெளிவரும் பக்கத்துக்கு எதிர்க்கால்தான், இருந்தாலும் சோதிக்காமல் செருகாதீர்கள்.

அளவும் முக்கியம். மினி ஃபியூஸ் 10.9 மில்லிமீட்டர் அகலம், மைக்ரோ2 9.1 மில்லிமீட்டர். 'கொஞ்சம் அழுத்தினா போயிடும் சார்' என்று கடைக்காரர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். ஒருமுறை விரிந்த வாய் மறுபடி இறுகாது. பிடிப்புத் தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகும். ஃபியூஸ் பெட்டி ஹார்னஸோடு (வண்டியின் கம்பிக் கற்றை) சேர்ந்த பாகம், தனியாக மாற்றினாலும் கை கடிக்கும் விலை. கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்ப் ஃபியூஸ் போதும். டேப்போடு வரும் 10 ஆம்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஏர்பேக், ஏபிஎஸ், என்ஜின் ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), பவர் ஸ்டீயரிங் ஃபியூஸ்கள் பக்கமே போக வேண்டாம்.

கருப்புக் கம்பிக்கு ஒரு எச்சரிக்கை. சிக்னலில் தானாக அணைந்து எழும் என்ஜின் உள்ள கார்களில் பேட்டரி நெகட்டிவ் முனையில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். பேட்டரிக்குள் போகும் வரும் கரண்டை எண்ணும் சென்சார் அது. எர்த்தை நேராக பேட்டரி முனையிலேயே கொடுத்தால் அந்தக் கரண்ட் எண்ணிக்கையில் வராது. கணக்குத் தவறி, ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாமல் போகும், புகார் கொடுத்தால் முதலில் கண்ணில் படுவதும் அந்தக் கம்பியே. டாஷ்போர்டுக்குக் கீழே ஏற்கெனவே உள்ள எர்த் போல்ட்டில் வளைய லக் போட்டு இறுக்குவதுதான் சரி. பாடியில் புதுத் துளை போட்டால் துருப் பிடிக்கும், துருவுக்கான வாரண்டியும் அந்த இடத்தில் பேசாது.

கேபிள் ஏ-பில்லர் (முன்கண்ணாடி ஓரத் தூண்) வழியாக இறங்குகிறது. உள்ளே கர்ட்டன் ஏர்பேக் சுருட்டி வைத்திருக்கும் காரென்றால் கேபிள் அதன் பின்னால் போக வேண்டும், குறுக்கே அல்ல. கம்பெனி ஹார்னஸோடு சேர்த்து துணி டேப் சுற்றினால் ஆடாது, சத்தமும் வராது. பில்லர் மூடியின் கிளிப் சில கார்களில் ஒருமுறைதான் பயன்படும். முன்கூட்டியே இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஹாரன். அடிப்படை மாடலில் ஒற்றை ஹாரன், சைக்கிள் மணிக்கு அண்ணன். கோயம்புத்தூர் ரூட்ஸ் விண்ட்டோன் ஜோடி வாங்கியது. ஒவ்வொன்றும் 4 முதல் 5 ஆம்ப், ஆக ஏறக்குறைய 10. ஒற்றை ஹாரனுக்காகப் போட்ட கம்பெனிச் சுற்றில் இரண்டையும் தொங்கவிட்டால் அங்கேயே வாரண்டிப் பிரச்சினை ஆரம்பம். ஆகவே ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்.

சுற்று எல்லோருக்கும் தெரிந்ததே, எண்கள் ரிலேயின் கால்களைக் குறிப்பவை: 30-க்கு பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்ப் ஃபியூஸ், 87-லிருந்து இரண்டு ஹாரனுக்கும், 85-86 காயிலுக்கு கம்பெனி ஹாரன் கம்பி. காயில் இழுப்பது 150 மில்லி ஆம்ப் அளவுதான், கம்பெனிச் சுற்றுக்கு முன்பைவிட நிம்மதி. உள்ளே டையோடு வைத்த ரிலே என்றால் 86 பாசிட்டிவாக இருந்தே தீர வேண்டும், மாற்றிக் கொடுத்தால் ஹாரனைத் தொட்டதும் ஃபியூஸ் போகும். ரெசிஸ்டர் வைத்ததை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. இரண்டுமே இல்லாத ரிலே வேண்டாம். காயில் அணையும்போது எகிறும் வோல்டேஜ் கம்பெனிக் கம்பி வழியாகத் திரும்பிப் பாடி மாட்யூலைத் தட்டும்.

கஷ்டம் அந்தக் கம்பெனிக் கம்பியைத் தொடும் இடத்தில்தான். கடைகளில் இன்னமும் பிளேடால் தோலுரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி அனுப்புகிறார்கள். கொஞ்சம் 'நவீனமான' கடையில் நீல நிற ஸ்காட்ச்லாக் கிளிப். அது கம்பியின் தோலைக் கிழித்துக்கொண்டுதான் தொடுகிறது. பம்பருக்குப் பின்னால் மழைநீர் படும் இடத்தில் ஒரு ஐப்பசி தாண்டினால் செம்பு பச்சை பூத்துவிடும். அந்தப் பச்சை ஹார்னஸுக்குள் ஊறிப் போனால் முழு முன்பக்க ஹார்னஸே பேச்சுப்பொருளாகும்.

வழி ஒன்றே: ஹாரனில் உள்ள அதே ஆண் வாய் கொண்ட கப்ளர். கம்பெனிச் சொருகி இதில் நுழையும், மறுமுனை ரிலேக்குப் போகும், எந்தக் கம்பியிலும் கீறல் இல்லை. புதுப்பேட்டையில் பழைய ஹாரனோடு கப்ளரைக் காட்டினால் எடுத்துக் கொடுப்பார்கள். ரப்பர் சீல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சீல் இல்லாத நகல்கள்தான் அதிகம். ஜி.பி. ரோட்டில் காருக்கேற்ற ரெடிமேட் ஹார்னஸ் கிடைக்கிறது. கப்ளர் சரியாக இருக்கும், உள்ளே கம்பி தலைமுடி கனம். கப்ளரை வைத்துக்கொண்டு கம்பியை மாற்றிவிட்டோம். ஹாரன் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் சேர்ந்து இருமும். விதவிதமான சுரம் அடுக்கி ஊதும் வகை மோட்டார் வாகன விதி 119-இல் தடை, ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஜோடிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

'வாரண்டி போயிடும்' என்று ஷோரூமில் பொதுவாகச் சொல்வதைப் பற்றி. கைவைத்த பாகமும் அதனால் கெட்ட பாகமும்தான் போகும், முழு வண்டியும் அல்ல. ஹாரன் மாற்றியதற்காக கியர்பாக்ஸை மறுக்க முடியாது. வாரண்டிப் புத்தகத்தில் விலக்குகள் பக்கத்தைப் படித்தால், அங்கீகரிக்கப்படாத மாற்றத்தால் ஏற்பட்ட பழுது என்றே பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவில் 1975-இன் மேக்னுசன்-மாஸ் சட்டப்படி வெளிப்பாகம் போட்டதை மட்டும் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது. இங்கே கையில் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மறுத்தால் எந்தப் பாகம், எந்த மாற்றம், எப்படிக் கெடுத்தது என்று ஜாப் கார்டில் எழுதிக் கேளுங்கள். வாயால் சொல்லும் தைரியம் பேனா பிடிக்கும்போது குறைந்துவிடும்.

ஒரு புலம்பல்: ஷோரூமிலேயே போட்டுக் கொடுத்த சீட் கவர், கேமரா எல்லாம் 'ஒரிஜினல்' என்று நம்பாதீர்கள். பில்லில் கார் கம்பெனியின் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவும் வெளிக்கடைச் சரக்கே. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள காருக்கு அந்தத் தையல் திறந்து விடாத கவரைப் போட்டால் வாரண்டியைவிடப் பெரிய விஷயம் போகும். கவர் போடும் பையன் சீட்டுக்குக் கீழே உள்ள மஞ்சள் கப்ளரை சாவி போட்டிருக்கும்போது கழற்றினால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும், கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் அணையாமலும் போகலாம்.

என்ஜின் ரீமேப்பிங் (ஈசியூவின் மென்பொருளை மாற்றி எழுதிச் சக்தி கூட்டுவது) வேறு கதை. எத்தனை முறை எழுதப்பட்டது என்று எண்ணி வைக்கும் ஈசியூக்கள் உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் மாற்றம் பிடிபட்டால் டிடி1 என்ற குறி ஏறி, என்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி நிற்கிறது. சக்தி கூட்ட, பிளக் செய்து கழற்றும் பெட்டிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெட்டியைக் கழற்றலாம், டர்போ தேய்ந்ததைக் கழற்ற முடியாது.

அடுத்த திட்டம் டயர். இங்கே கம்பெனியே பாதை போட்டு வைத்திருக்கிறது. அதே காரின் மேல் மாடலுக்குக் கொடுத்த அளவுக்கு மாறினால் பேச்சே எழாது. 165/80 ஆர்14-இன் விட்டம் 619.6 மில்லிமீட்டர், 185/65 ஆர்15 621.5. வித்தியாசம் 0.3 சதவீதம், ஸ்பீடோமீட்டருக்குத் தெரியவே தெரியாது. ஆசைப்பட்டு 195/65 ஆர்15 போட்டால் 634.5, அதாவது கீழ் மாடல் அளவைவிட 2.4 சதவீதம் அதிகம். சஸ்பென்ஷன், வீல் பேரிங் புகாரில் அதைத்தான் முதலில் அளப்பார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனி அளவுகளுக்கு மாறான மாற்றம் கூடாது என்று சொன்னதிலிருந்து ஆர்டிஓ பக்கமும் இதே அளவுகோல்.

பின்பக்கக் கேமரா மட்டும் பாக்கி. கேபிள் கூரை ஓரமாக டிக்கி வரை வந்து நிற்கிறது. டிக்கிக்குள் போகும் ரப்பர் குழாயில் ஏற்கெனவே கம்பெனிக் கம்பிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. டிக்கியைத் திறந்து மூடி மடங்குகிற அதே இடத்தில் அவையே தாமாக அறுவதும் உண்டு. கூர்மையான எதையும் உள்ளே விடக்கூடாது. சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து, கேபிள் கட்டும் நைலான் பட்டையின் முனையை வட்டமாக வெட்டி வழிகாட்டியாக விட்டதில் பாதி தூரம் போயிற்று. மினி யூஎஸ்பி தலை பெரிதாக இருப்பதால் அதற்கு மேல் நகரவில்லை. தலை பிரித்துச் சேர்க்கும் வகைக் கேபிள் ரிச்சி தெருவில் சொல்லி வைத்திருக்கிறது. வந்ததும் மிச்சம்.