போன் மணிக்கு வாழும் ஊர்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள நார்த் பிளாட் என்ற ஊரில் ரயில் ஓட்டுபவரிடம் "நாளைக்குச் சாப்பிட வருகிறீர்களா?" என்று கேட்டால், "போன் வராவிட்டால் வருகிறேன்" என்பார். ரயில் பணியாளர்களை வேலைக்கு அழைக்கும் மென்பொருள் தொடர்பாக அதே மாநிலத்தின் ஓமஹா நகரிலிருந்து அங்கே போய்வந்த காலத்தில் இந்தப் பதிலைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். சரக்கு ரயிலுக்குக் கால அட்டவணை பெயரளவில்தான். அதனால் பட்டியலில் யார் முறை வருகிறதோ அவருக்கு நடுராத்திரியிலும் அழைப்பு போகும். கிளம்பியவர் சட்டப்படி 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. நேரம் முடிந்தால் ரயில் வழியிலேயே நிற்கும், மாற்று ஆட்கள் வேனில் வருவார்கள். அப்புறம் குறைந்தது 10 மணி நேர ஓய்வு. அந்த ஓய்வு பகலில் வாய்த்தால், வீட்டில் பிள்ளைகள் சத்தமில்லாமல் விளையாட வேண்டும். திரையில் ஒரு வரியாக நான் பார்த்த பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் தூக்கமே இருந்தது.

ஊரை ஒட்டியிருக்கும் பெய்லி யார்டு உலகத்திலேயே பெரிய ரயில் பெட்டிப் பிரிப்பு நிலையம். நீளம் மட்டும் சுமார் 13 கிலோமீட்டர். பெட்டிகளை ஒரு மேட்டின் மீது தள்ளி, உச்சியில் கொக்கியைக் கழற்றிவிடுகிறார்கள். தம் எடையாலேயே உருண்டு இறங்கி, ஒவ்வொன்றும் போகவேண்டிய தடத்தில் போய்ச் சேர்கிறது. தண்டவாளத்தோரத்து பிரேக்குகள் சக்கரத்தைக் கவ்வும்போது எழும் கிறீச்சொலி காதைத் துளைக்கும். இளம் பொறியாளர்கள் ஒரு தடவையாவது இதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஊர்க்காரர்கள் அதிகம் பேசுவது, அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கிய 1941 டிசம்பரைப் பற்றி. நெப்ராஸ்கா படைப்பிரிவு ரயிலில் வருகிறது என்று கேள்விப்பட்டு, கேக்கும் பழமுமாக ஸ்டேஷனில் கூடினார்கள். வந்தது பக்கத்து மாநிலமான கான்சாஸின் பையன்கள். ஊர்க்காரர்கள் கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு கொண்டுவந்ததையெல்லாம் அவர்களுக்கே கொடுத்தார்கள். மருந்துக்கடையில் வேலை பார்த்த ரே வில்சன் என்ற இளம்பெண், எல்லா ராணுவ ரயில்களுக்கும் இப்படியே செய்யலாம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கிறிஸ்துமஸிலேயே தொடங்கி 1946 ஏப்ரல் 1 வரை ஒருநாளும் விடாமல் நடந்தது. ரேஷன் காலத்திலும் சுற்றுவட்டாரத்து 125 ஊர்கள் முறைவைத்துச் சமைத்து வந்தன. இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் காபி, சாண்ட்விச், பிறந்தநாள் என்றால் முழு கேக். அப்படிச் சாப்பிட்டுப் போன வீரர்கள் சுமார் 60 லட்சம் பேர்.

அந்த ஸ்டேஷனை 1973இல் இடித்துவிட்டார்கள். நிற்கவைத்திருக்கலாம், எனக்கு இன்னும் ஆறவில்லை. 1971க்குப் பிறகு பயணிகள் ரயிலும் கிடையாது. அண்மை ஆண்டுகளில் நிலக்கரி ரயில்கள் குறைந்தன, வேலைகளும் குறைந்தன. ஆனாலும் அங்கே பலர் என்னிடம் முதலில் கேட்டது "சாப்பிட்டாயா?" என்றுதான். சரக்கு ரயிலில் ஓட்டுநரோடு போகும் கண்டக்டர் ஒருவர் வீட்டில் மேசையில் எனக்கும் தட்டு வைத்தார்கள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வேலைக்குப் போனார்; அவர் மனைவி எனக்கு இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு பரிமாறிவிட்டு, மகனின் பள்ளிக்கூடக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.