எங்கள் அத்தை பேய்க் கட்சி

பேய்ப் படம் பார்க்கும்போது பேய்க்காக வாதாடும் ஒரே ஆள் எனக்குத் தெரிந்து எங்கள் அத்தைதான். மாமியாரைத்தான் சொல்கிறேன். கதாநாயகன் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கினால் நாமெல்லாம் அவனுக்காகப் பதறுவோம். அத்தை நிதானமாக வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "இவன் என்னமோ பண்ணியிருக்கான். இல்லேன்னா அது ஏன் இவனைத் தேடி வருது? பக்கத்து வீட்டுக்குப் போகலையே?" என்பார். கடைசியில் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

வெறுமனே அலறவைக்கிற படங்கள் அவருக்கு ஆகாது. "காதுகிட்ட பட்டாசு வெடிச்சா மாடுகூட மிரளும், இதுல என்ன இருக்கு?" என்று எழுந்து போய்விடுவார். செய்த தப்பு, ஆறாத துக்கம், மனசுக்குள் பூட்டி வைத்த ஏதோ ஒன்று பேய் உருவெடுத்து வந்து நிற்கிற படங்கள்தான் அவருக்கு வேண்டும். இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர் என் கொழுந்தன். சென்னையில் வேலை. லீவில் திருச்சி வந்தால் லேப்டாப்பை டீவியில் மாட்டி, உலகத்து மொழிப் படங்களையெல்லாம் அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்து தமிழிலும் சொல்லுவார். மொழிபெயர்ப்பு கொஞ்சம் சிக்கனம்தான். ஐந்து நிமிஷ வசனத்தை "சண்டை போடுறாங்கம்மா" என்று முடித்துவிடுவார். அத்தைக்கு அதுவே போதும், மீதியை அவரே பிடித்துக்கொள்வார்.

உதாரணமாக, 2014-ல் வந்த ஆஸ்திரேலியப் படம் ‘தி பாபடூக்’. ஜெனிஃபர் கென்ட் என்ற பெண் இயக்கியது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கார் விபத்து, கணவன் போய்விடுகிறான். பையன் பிறந்த நாளும் அப்பா செத்த நாளும் ஒன்று. அதனால் பிறந்தநாளை அன்றைக்குக் கொண்டாடுவதே இல்லை. ஒருநாள் வீட்டில் யார் வைத்தது என்றே தெரியாத ஒரு படக்கதைப் புத்தகம் இருக்கிறது. அதிலிருந்து கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஒன்று வெளியே வருகிறது. விமர்சகர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அத்தை சொன்னது இவ்வளவுதான்: "பகல்ல வயசானவங்களைப் பார்த்துக்கிற வேலை, ராத்திரி தூங்காத புள்ளை, ஆறுதலுக்கு ஒரு ஆள் இல்லை. பேய் வராம என்ன செய்யும்? கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்காளே, அவ நாலு நாள் புள்ளையைத் தூக்கிட்டுப் போயிருந்தா இந்தப் படமே கிடையாது."

அந்தப் பேயை அவள் கடைசியில் கொல்வதில்லை. கீழ் அறையில் வைத்துக் கிண்ணத்தில் இரை கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "பார்த்தியா, விரட்டல. வச்சுச் சோறு போடுறா. அதுதான் புத்தி." "சோறு இல்லம்மா, மண்புழு" என்றார் கொழுந்தன். "அந்த ஊர்ல அதுக்கு அதுதான் ஒத்துக்கும் போல."

கொரியப் படம் ‘எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்’ பார்த்த கதை வேறு. கிம் ஜீ-வூன் 2003-ல் எடுத்தது. ஜோசன் ராஜாக்கள் காலத்து நாட்டுப்புறக் கதையில் பிறந்த படம்: அக்கா, தங்கை, சித்தி. பார்க்கிறவர்கள் எல்லாரும் சித்தியைத் திட்டிக்கொண்டிருக்க, அத்தை மட்டும் அப்பாவை விடவில்லை. "அந்த மனுஷன் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறதைத் தவிர என்ன பண்ணினான்? வீட்டுல இத்தனை நடக்குது, கண்ணு தெரியலையா?" இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. அந்தப் படத்தில் ஒரு துணி அலமாரி சாய்ந்து விழும். மறுநாள் காலையில் எங்கள் இரும்பு பீரோவைச் சுவரோடு ஒட்டி நகர்த்தி, ஆடுகிற காலுக்கு அடியில் கல்யாணப் பத்திரிகையை மடித்துச் சொருகிய பிறகுதான் அத்தை காபி குடித்தார்.

‘தி அதர்ஸ்’ படத்தில் நிக்கோல் கிட்மன் வெளிச்சமே ஆகாத தன் பிள்ளைகளுக்காக, ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்த கதவைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருப்பார். "ஏசியைப் போட்டுட்டுக் கதவைத் தொறந்து போட்டுட்டுப் போறீங்களே, உங்களுக்கெல்லாம் இதைத் தினம் போட்டுக் காட்டணும்" என்றார் அத்தை. பேய் வருவதற்கு முன்பே படம் அவருக்குப் பிடித்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். போன பொங்கல் லீவில் கொழுந்தன் கொண்டுவந்து போட்டது ‘ஷட்டர்’. 2004-ல் வந்த தாய்லாந்துப் படம். தமிழில்கூட 2007-ல் ‘சிவி’ என்று வந்தது. இதற்கு மேல் முடிவைச் சொல்லாமல் எழுத முடியாது, பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

டுன் என்று ஒரு போட்டோகிராஃபர். ராத்திரி அவனும் காதலியும் காரில் வரும்போது ஒரு பெண் மேல் மோதிவிட்டு நிற்காமல் போகிறார்கள். அதிலிருந்து எடுக்கிற போட்டோவிலெல்லாம் வெள்ளையாக ஏதோ நிழல். அவனுக்குக் கழுத்து வலி வேறு. டாக்டரிடம் போய் எடை மெஷினில் ஏறினால் முள் அவனுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் போய் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு அவன் கல்லூரிக் காலத்தில் செய்த துரோகம் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. கடைசியில் ஒரு போலராய்டு படத்தில்தான் விஷயம் தெரிகிறது: அவள் இத்தனை நாளும் அவன் தோள்மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பாதியில் கொழுந்தன் படத்தை நிறுத்திவிட்டு ஆவி போட்டோவின் சரித்திரம் சொல்ல ஆரம்பித்தார். 1860-களில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் வில்லியம் மம்லர் என்று ஒருவர். நகையில் எழுத்துச் செதுக்குகிற வேலை. படம் எடுக்க வருகிறவர்களுக்குப் பின்னால் செத்துப்போன சொந்தக்காரர்கள் மங்கலாக நிற்கிற மாதிரி போட்டோ எடுத்துக் கொடுத்துக் காசு பார்த்தார். ஆபிரகாம் லிங்கனின் மனைவிகூடப் போய் எடுத்துக்கொண்டார், தோளில் கைவைத்தபடி லிங்கன் பின்னால் நிற்பார். 1869-ல் நியூயார்க்கில் மோசடி வழக்குப் போட்டார்கள். வேடிக்கைக் கண்காட்சி நடத்திப் பேர் வாங்கிய பர்னம் வந்து எதிர்ச் சாட்சி சொல்லியும், போதுமான ஆதாரம் இல்லை என்று மம்லரை விட்டுவிட்டார்கள்.

அத்தை ஒன்றும் பேசாமல் ஹாலில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணக் குடும்பப் படத்தைக் காட்டினார். மாமா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். ஆனால் படத்தில் இருக்கிறார். ரேஷன் கார்டு போட்டோவிலிருந்து தலையை எடுத்து, யாரோ ஒருவருடைய கோட்டு போட்ட உடம்பில் வைத்து, எங்கள் பக்கத்தில் நிறுத்திக் கொடுத்திருந்தார் ஸ்டூடியோக்காரர். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். மாமா மட்டும் ரேஷன் கார்டுக்கு முறைத்த முறைப்பிலேயே நிற்கிறார்.

"உங்கப்பா ஆயுசுல கோட்டு போட்டதில்லை" என்றார் அத்தை. "எவன் உடம்போ. ஆனா நான் தினம் பார்க்கிறேன்ல? அந்த ஊர்க்காரனை எதுக்குக் கோர்ட்டுக்கு இழுத்தாங்க, பாவம்?"

படம் முடிய நள்ளிரவு ஆனது. என் வீட்டுக்காரர் சோபாவிலேயே தூங்கிவிட்டார். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

காலையில் ஹாலிலிருந்து, "கழுத்து திரும்ப மாட்டேங்குது" என்று குரல் வந்தது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் தைலத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அன்றைக்கு எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றோம். எல்லார் பார்வையும் அவர் முகத்தில் இல்லை, தோளுக்கு ஒரு முழம் மேலே இருந்தது. முந்தின ராத்திரி எட்டு மணிக்கே தூங்கப் போனதாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்த எங்கள் மகள், மெதுவாக என் செல்போனை எடுத்து அப்பாவை ஒரு போட்டோ எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலை" என்றாள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அத்தை வந்து எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "பெரியவனே, யாருக்கு என்ன பண்ணினே?"

"அம்மா, சோபா கையில தலை வச்சுப் படுத்துட்டேன், அவ்வளவுதான்."

"அந்தப் போட்டோக்காரப் பையனும் மொதல்ல இப்படித்தான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னான்."

சிரித்துவிட்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கழுத்து ஒரு பக்கம் இழுத்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். காலேஜ் ஹாஸ்டலில் மூன்று பேர் ஒரு அறையாம். பரீட்சைக்காக ஒரு நண்பரின் கேசியோ கால்குலேட்டரைக் கடன் வாங்கி, பஸ்ஸில் தொலைத்துவிட்டாராம். கேட்டபோது, "உன் மேசையிலேயே வச்சேனே" என்று கூசாமல் சொல்லியிருக்கிறார். பழி மூன்றாவது ரூம்மேட் மேல் விழுந்தது. அந்த இரண்டு பேரும் காலேஜ் முடிகிறவரைக்கும் பேசிக்கொள்ளவில்லையாம். இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைச் சொன்னதில்லை. என் பழைய டிபன் பாக்ஸ் ஒன்று காணாமல் போனது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"போன் போடு" என்றார் அத்தை.

கால்குலேட்டர்காரர் இப்போது கோயம்புத்தூரில் பம்புசெட் வியாபாரம். ஸ்பீக்கரில் போட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் திடீரென்று சத்தத்தைக் காணோம்.

"டேய், நானும் ஒண்ணு சொல்லணும்டா. உன் லேப் ரெக்கார்டு நோட்டு காணாமப் போச்சுல்ல? நான்தான் காப்பி அடிக்க எடுத்தேன். சாம்பார் கொட்டிருச்சு. பயந்துபோய் ஹாஸ்டல் கிணத்துல போட்டுட்டேன்."

"என்னது!" என்று கத்திக்கொண்டு இவர் என் பக்கம் திரும்பினார். திரும்பியிருக்கக் கூடாது. ‘களுக்’ என்ற சத்தம் சமையலறை வரை கேட்டது.

ஆஸ்பத்திரிக்குக் குடும்பமாகப் போனோம். நர்ஸ் எடை மெஷினைக் காட்டி, "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க சார்" என்றார். இவர் தயங்கினார். வீட்டில் எல்லாரிடமும் எழுபத்தாறு கிலோ என்று சொல்லிவைத்திருந்தவர். முள் ஆடி ஆடி எண்பத்து நான்கில் நின்றது. யாரும் மூச்சு விடவில்லை. அத்தை கொழுந்தன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "எட்டு கிலோதான் கூட. சின்னக் குழந்தைடா, பாவம்."

டாக்டர் கழுத்தை அமுக்கிப் பார்த்து, தசைப்பிடிப்பு என்றார். மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், தலையணையைத் தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அத்தைக்கு மனசு ஆறவில்லை. "வேற ஒண்ணும் இல்லைங்களே டாக்டர்? தோள்ல கீள்ல...?"

"அம்மா!" என்றார் இவர்.

டாக்டர் பேனாவை மூடினார். "ஷட்டர் பார்த்தீங்களா? அது வந்த சமயம் நான் ஹவுஸ் சர்ஜன். எங்க ஹாஸ்டல்ல கொஞ்ச நாளைக்கு ஒருத்தனும் வெயிட் மெஷின் பக்கமே போகலை." சொல்லிவிட்டு அவரும் ஒரு தடவை கழுத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வலி குறைந்து, வீடு பழைய நிலைக்கு வந்துகொண்டிருந்தது. அப்போது அத்தை கேட்டார்: "ஆமா, இந்தக் கதையில பேய் யாரு?"

யாருக்கும் புரியவில்லை.

"பொருளைத் தொலைச்சவன் நீ. பொருளுக்குச் சொந்தக்காரன் கோயம்புத்தூர்க்காரன். நீங்க ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சுக்கிட்டீங்க. பழியைச் சுமந்தானே ஒருத்தன், அவனுக்கு யாரு போன் போட்டா?"

இவர் ஒத்தடத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டார். நம்பர் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். கொழுந்தன் அரை மணி நேரத்தில் ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்துவிட்டார். ஆள் பெங்களூரில் இருக்கிறார். கோயம்புத்தூர்க்காரரையும் இணைப்பில் சேர்த்துக்கொண்டு, இவர் தொண்டையைச் செருமி, பஸ்ஸில் தொலைத்தது முதல் பொய் சொன்னது வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "மன்னிச்சிருடா" என்றார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கட்சிக்காரர் பேசப்போகிற நேரம்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் அமைதி.

"நீ பஸ்ல தொலைக்கலடா" என்றது குரல். "உன் பையிலேர்ந்து நான்தான் எடுத்தேன். எனக்கும் அன்னிக்குப் பரீட்சை. திருப்பி வைக்கலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள நீங்க சண்டையை ஆரம்பிச்சுட்டீங்க."

கோயம்புத்தூரில் யாரோ நாற்காலியிலிருந்து எழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு அச்சில் ஏற்ற முடியாத பாசம். அத்தை வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பேய்க்கு எதிராக ஒரு சாட்சியம் வந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

"கேளுடா, அந்தப் பொருள் இப்ப எங்கே?" என்றார் கடைசியில்.

கேட்டார்கள். இருக்கிறதாம். நன்றாக வேலை செய்கிறதாம். அவர் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாளாம், அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாளாம்.

"பரீட்சை முடியட்டும்" என்றார் அத்தை. "முடிஞ்சதும் கோயம்புத்தூருக்குக் கூரியர் பண்ணச் சொல்லு. பேட்டரியோட."