வண்டலூரில் ஒரு நாள், வேறொருவர் வண்டி ஓட்ட

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் போக்குவரத்து நிறுவனத்தில் டிரைவர்களுக்கு டிரிப் போட்டுக் கொடுப்பது என் வேலை. துறைமுகத்திலிருந்து பெட்டியை எடுத்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் தொழிற்சாலைகளில் இறக்குவதும், அங்கிருந்து ஏற்றுமதிப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவருவதும்தான் எங்கள் ஓட்டம். மீஞ்சூரையும் வண்டலூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர். அதில் எந்த இடத்தில் டீ நன்றாக இருக்கும் என்பதுவரை எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாலையின் தென்கோடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குள் அவர்களில் பலர் போனதில்லை. நாற்பது அடி ட்ரெய்லரை எங்கே நிறுத்திவிட்டு சிங்கம் பார்க்கப் போவது?

வருடாந்திரச் சுற்றுலாவுக்கு அலுவலகத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒருவர் என்னிடம் வந்து, "வண்டலூர் போலாம்க்கா. எப்பப் பார்த்தாலும் அதைத் தாண்டித்தான் போறோம். புள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குது" என்றார். குடும்பத்தோடு என்றால் அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

அப்புறம் படி விஷயம். வண்டி ஓடினால்தான் டிரைவருக்குப் படி. சுற்றுலா நாளில் டிரிப் கிடையாது, டிரிப் இல்லாவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குக் காசும் கிடையாது. இதை யோசிக்காமல் "எல்லாரும் சந்தோஷமா வாங்க" என்று கூப்பிடுவது அநியாயம். அந்த நாள் படியைக் கொடுத்தால்தான் பெயர்ப்பட்டியல் எடுப்பேன் என்று பிடிவாதமாகச் சொன்னேன். கொஞ்சம் இழுத்தாலும் ஒத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதால் வியாழக்கிழமை கிளம்பினோம்.

தண்டையார்பேட்டையில் ஏறி, மாதவரம் வழியாக பைபாஸைப் பிடித்தது பேருந்து. புழல் தாண்டுவதற்குள் எங்களில் மூத்த டிரைவர் ஜன்னலில் தலையைச் சாய்த்து அசந்து தூங்கிவிட்டார். அவர் மனைவி என்னைப் பார்த்து, "இவரு வண்டியில தூங்கி நான் பார்த்ததே இல்ல மேடம்" என்றார். அவரை எழுப்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தோம்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு உயிரியல் பூங்கா என்றால் இன்னும் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய இடம்தான். 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கியது, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்தது. ராயபுரத்திலிருந்து என் அம்மா நடந்தே போய்ப் பார்த்திருக்கிறார், உயிர் காலேஜ் என்றுதான் சொல்வார். 1985-ல் வண்டலூரில் 602 ஹெக்டேர் பரப்பில் புதுப் பூங்கா திறந்தது விலங்குகளுக்கு நிச்சயம் நல்லது. நெருக்கடியான கூண்டிலிருந்து காட்டு நிழலுக்குப் போயின. வடசென்னைப் பிள்ளைகளுக்கு மட்டும், நடந்து போகிற தூரம் ஒரு நாள் பயணமாகிவிட்டது.

சிங்கம் உலாவுமிடத்துக்குள் சொந்த வண்டியில் போக முடியாது. பூங்காவின் கம்பிவலை போட்ட வண்டியில்தான் போக வேண்டும். முதல் கதவு திறந்தது, வண்டி உள்ளே போனது, அது மூடிய பிறகுதான் அடுத்த கதவு திறந்தது. துறைமுக வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்பவர்களுக்குக் கதவு ஒன்றும் புதிதில்லை. ஆனால் இந்த இரட்டைக் கதவை அவர்கள் கவனித்த விதம் வேறு. எந்த நேரத்திலும் ஒன்றாவது மூடியே இருக்கும் என்பதை ஒருவர் தன் பையனுக்கு விரலை மடக்கி நீட்டி விளக்கினார்.

உள்ளே போனதும் பிள்ளைகள் சிங்கத்தைத் தேடினார்கள். அப்பாக்கள் டிரைவரைப் பார்த்தார்கள். "முதல் கியரைத் தாண்டவே இல்ல பாருங்க", "பிரேக்கே தெரியல" என்று தாழ்ந்த குரலில் பேச்சு. வளைவுக்கு அப்பால் ஒரு பெண் சிங்கம் பாதையோரம் படுத்திருந்தது. நாளில் 20 மணி நேரம்கூட ஓய்விலேயே கழிக்கும் பிராணி அது, அவசரமாக எழுந்திருக்கக் காரணம் இல்லை. வண்டி நின்றது. ஹாரன் இல்லை, எஞ்சினை உறுமவிடவும் இல்லை. அது எழுந்து, சோம்பல் முறித்து, பாதையைக் கடந்து, மரத்தடியில் மறுபடி படுக்கும்வரை காத்திருந்தோம். எண்ணூர் விரைவுச் சாலையில் காலையெல்லாம் ஹாரன் சத்தத்தில் இருப்பவர்கள் அன்று ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

குஜராத்துக்கு லோடு ஏற்றிப் போய்ப் பழக்கமுள்ள டிரைவர், இந்தியாவில் சிங்கம் காட்டில் இருப்பது அங்கே கிர் பகுதியில் மட்டும்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். நான் என் பங்குக்கு, 2025 கணக்கெடுப்பில் 891 இருந்ததையும், ஆப்பிரிக்கச் சிங்கத்தைவிட ஆசிய ஆண் சிங்கத்துக்குப் பிடரி மயிர் குறைவு, அதனால் காது வெளியே தெரியும் என்பதையும் சொன்னேன். "நம்ம வண்டியிலேயே உள்ள போற மாதிரி எங்கயாவது இருக்காக்கா?" என்று ஒருவர் கேட்டார். இங்கிலாந்தில் லாங்லீட் என்ற இடத்தில் 1966-லேயே அப்படித் தொடங்கினார்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவரவர் காரிலேயே போகலாம் என்றேன். "வேணாம்க்கா. இன்னிக்கு ஒருத்தர் ஓட்டறாரு, நான் உக்காந்திருக்கேன். இதுவே போதும்" என்றார்.

இறங்கியதும் ஏழெட்டுப் பேர் பூங்கா வண்டியின் டிரைவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சிங்கம் வண்டியை என்னவென்று நினைக்கும் என்று கேட்டார்கள். பழகிய உருவம், அதற்குள் இருக்கும் ஆட்களைத் தனியாகப் பார்ப்பதில்லை, யாரும் வெளியே கை நீட்டாதவரை கண்டுகொள்ளாது என்றார். ட்ரெய்லர் ஓட்டுகிறவர்கள் என்று தெரிந்ததும் அவர் ஆர்வமாகி, அவ்வளவு நீள வண்டியை எப்படி ரிவர்ஸ் எடுப்பீர்கள் என்று கேட்டார். எங்களில் ஒருவர் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். எனக்கு அன்றைக்குப் பிடித்த காட்சி அதுதான். என் பட்டியலில் வண்டி எண்ணாகவும், போனில் "இப்ப எங்க இருக்கீங்க?" என்ற கேள்விக்குப் பதிலாகவும் மட்டுமே வருகிறவர் அங்கே தன் கைத்தொழிலைக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மகள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள்.

மான்கள், காட்டுமாடு, வெள்ளைப் புலி எல்லாம் பார்த்தோம். வெயிலில் நடந்து பிள்ளைகள் களைத்துவிட்டார்கள்.

திரும்பும்போது, மண்ணில் கோடு போட்டுக் காட்டியவரின் மகள் என்னிடம், "அப்பா ஓட்டற வண்டியை நாங்க ஒரு நாள் உள்ள ஏறிப் பாக்கலாமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். துறைமுகத்துக்குள் பாஸ் இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள், ஆனால் எங்கள் யார்டில் முடியும். ஞாயிற்றுக்கிழமையில் வண்டிகளைக் கழுவி நிறுத்தி, குடும்பங்களைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாதுகாப்பு, இன்சூரன்ஸ் என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள், பதில் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.