புடையனும் பெயரில்லாத கோப்புகளும்

மார்ச் 3, திங்கள்
வெள்ளவத்தை வீட்டு இணைப்பில் நள்ளிரவுக்குப் பிறகுதான் டேட்டா தாராளம். அலாரம் வைத்து எழுந்தேன். இறக்க வேண்டியது கண்ணாடிப் புடையன் நஞ்சின் புரதத் தரவு: 38 கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல். இங்கிலாந்தில் ஹிங்ஸ்டனில் உள்ள, புரத ஆய்வுத் தரவை எல்லோருக்கும் திறந்து வைக்கும் பிரைட் களஞ்சியத்தில் பி.எக்ஸ்.டி என்று தொடங்கும் ஆறிலக்க எண்ணைத் தட்டினால் போதும். கணக்கும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். புரதத் துண்டுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரே இல்லாத எங்கள் துறைக்கு இது பெரிய கொடை. இணைப்பு இரண்டு தடவை அறுந்தது. நல்லவேளை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மார்ச் 5, புதன்
திறந்து பார்த்தால் கோப்புப் பெயர்கள் 'ஏ1', 'ஏ1 மறுபடி', 'பி புதுசு'. எது இலங்கைப் பாம்பு, எது இந்தியப் பாம்பு? எந்தக் கோப்பு எந்த மாதிரி என்று சொல்லும் எஸ்.டி.ஆர்.எஃப் அட்டவணை இல்லை. இந்தத் தரவை வைத்து எழுதிய கட்டுரையிலும் இல்லை. கட்டுரை ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டேன், கோபத்தை மறைத்து.

மார்ச் 8, சனி
சும்மா இருக்க முடியாமல் யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் பாம்புப் புரத வரிசைகளை எடுத்து, கோப்பில் என்ன புரதம் என்று கண்டுபிடிக்கும் மாக்ஸ்குவாண்ட் மென்பொருளில் தேடவிட்டேன். பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நஞ்சுப் புரதம் வந்தது, கூடவே யாரோ ஒருவரின் தோலிலிருந்து விழுந்த கெரட்டினும். இலங்கைப் புடையன் கடித்தால் இரத்தம் உறையாமல் போவதோடு கண் இமையும் தொங்கும். வவுனியாவில் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. அதற்குக் காரணமான புரதத்தைத் தேடுகிறவளுக்கு ஊர் தெரியாத கோப்பு எதற்கு?

மார்ச் 13, வியாழன், போயா
பதில் வந்தது! கோப்புகளுக்குப் பெயர் வைத்த மாணவர் எப்போதோ போய்விட்டாராம். அவருடைய கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மங்கலான கையெழுத்து, இரண்டு வரிசை வெறுமை. ஆனாலும் 36 கோப்புகளுக்கு ஊர் கிடைத்துவிட்டது.

மார்ச் 17, திங்கள்
வெளிநாட்டுக் கருவியில் ஓடவைத்த எங்கள் சொந்தத் தரவைப் பிரைட்டில் பதிவேற்றச் சொன்னா மிஸ். கட்டுரை வெளிவரும்வரை பூட்டியே இருக்கும், மதிப்பாய்வாளருக்கு மட்டும் தனிக் கடவுச்சொல் தருவார்கள். சரி என்று கோப்புறையைத் திறந்தேன். 'கடைசி', 'கடைசி சரி', 'இதுதான் கடைசி'. வைத்தது நானேதான். பிளேன்டீ போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றினேன்.

மார்ச் 18, செவ்வாய்
அட்டவணையில் எல்லாம் நிரப்பியாயிற்று: இனம், நொதி, கருவி. மூன்றாம் நஞ்சுக் குப்பியின் ஊர் மட்டும் இல்லை. பாம்பு பிடித்த அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.
"மாங்குளமோ ஒட்டுசுட்டானோ தங்கச்சி, மழை நாள்."
இரண்டும் முல்லைத்தீவு மாவட்டம்தானே. அவ்வளவை எழுதிவிட்டு, பதிவேற்றத்தை நள்ளிரவுக்கு வைத்தேன்.