காந்தி நகர் வீட்டுக் குறிப்புகள்

மார்ச் 24, 2024, ஞாயிறு

புங்கை பூத்துக் கொட்டுகிறது. வாசல் தெளிக்கப் போனால் கோலம் போட இடமில்லை. தரை முழுக்கப் பொரி. சங்கப் புலவர்களும் புன்கம்பூவைப் பொரி என்றுதான் பாடினார்கள். அவர்கள் வீட்டில் யார் பெருக்கினார்களோ.

அடுத்த அடுக்ககத்துச் செயலாளர் வந்து, கார்கள் மேல் பூ விழுகிறது, ஒரு கிளையையாவது கழிக்கலாமே என்றார். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எங்கள் மயில்கொன்றை அவர்கள் மதில்மேல் சாய்ந்ததை அவர் மறக்கவில்லை. அந்தக் காற்றில் இந்தப் புங்கை இரண்டு கிளையோடு தப்பியதை நான் மறக்கவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். மரத்தடி இஸ்திரி வண்டிக்காரர் ஒவ்வொரு சட்டையையும் ஓர் உதறு உதறிவிட்டுத்தான் பெட்டியை வைக்கிறார். அவருக்குப் புகார் ஏதும் இல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

வீடு கட்டித் தருபவர் வந்தார். லேசர் கருவியைச் சுவரில் காட்டினார், எண் வந்தது. இரண்டேகால் கிரவுண்டு. அதாவது 5,400 சதுர அடி. பாதி நமக்கு, பாதி அவருக்கு. கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி.

கூடத்தில் அண்ணாந்து பார்த்தவர், "இந்தத் தேக்கு நல்ல விலைக்குப் போகும்" என்றார். தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள்மேல் சிறு செங்கல்லை நெட்டுக்குத்தாக, குறுக்குச் சாய்வில் அடுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பு பூசிய கூரை. மே மாதத்திலும் கூடம் குளிர்ச்சியாக இருக்கும். ஒழுகினால்தான் தலைவலி. வருகிற கொத்தனார் எல்லாரும் சிமென்ட் பூசலாம் என்கிறார்கள். பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கட்டையை அரிக்கும்.

எனக்கும் லிஃப்ட் மீது ஆசை உண்டு. அம்மா மாடி ஏறி மூன்று வருடமாகிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

வாக்களித்தோம். அம்மா சக்கர நாற்காலி வேண்டாமென்று பள்ளிக்கூடம் வரை நடந்தே வந்தாள். திரும்பும்போது தெருவில் பழைய வீடுகளை எண்ணினோம். நம்முடையதையும் சேர்த்து நான்கு.

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கிணற்றை அளந்தேன். அடிக்கு ஒரு முடிச்சாக அப்பா போட்டுவைத்த முப்பது அடிக் கயிறு. நுனியில் பழைய பித்தளைத் தாழ்ப்பாள். அது தண்ணீரைத் தொட்டதும் 'களுக்' என்று ஓர் ஒலி வரும். மேலே இழுத்து, ஈரம் எந்த முடிச்சு வரை என்று எண்ண வேண்டும். இன்று கைப்பிடிச் சுவரிலிருந்து பத்தொன்பது அடி.

அப்பாவின் நோட்டை எடுத்தால் கீழே வைக்க முடிவதில்லை. 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது: 'மாடித் தண்ணீர் கிணற்றில் விட்டாயிற்று.' 2015 டிசம்பர் 2, அடையாறு கரை புரண்ட அன்று: 'அளக்கத் தேவையில்லை.' 2019 ஜூன், ஏரிகள் எல்லாம் வற்றிக் கிடந்தபோது: 'கயிறு போதவில்லை.' அவர் பேச்சும் இதே நீளம்தான்.

மே 12, ஞாயிறு

அண்ணன் பெங்களூரிலிருந்து ஒப்பந்த நகலும் வரைபடமுமாக வந்துவிட்டான். சாப்பாட்டு மேசையில் விரித்தோம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கிணறு எங்கே?" என்று கேட்டாள்.

அண்ணன் விரலை வைத்துத் தேடினான். கிணறு இருக்க வேண்டிய இடத்தில் ஆறாம் எண் கார் நின்றது. புங்கை இருந்த இடத்தில் வண்டி போகும் பாதை.

"மூடி போட்டு, மழைநீர்க் கிணறாக வைத்துக்கொள்ளலாம் அம்மா."

"எழுதிக் கொடுப்பார்களா?"

கேட்கிறேன் என்றான். மாலையில் தேடினால் ஆளைக் காணோம். கிணற்றடியில் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தான். நோட்டை வாங்கி, தேதி போட்டு, 'பத்தொன்பதரை' என்று எழுதினான்.

"அப்பா அரைக் கணக்கு வைக்கமாட்டார்" என்றாள் அம்மா.

அண்ணன் 'ரை'யை அடிக்கவில்லை.