அம்மா கோலம் போடாத மாதம்

2006 ஆகஸ்டில் அம்மா விடியற்காலைக் கோலத்தை நிறுத்தியிருந்தாள். அது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. நாளிதழின் திருச்சிப் பதிப்பில் எனக்கு இரவுப் பணி. மூன்று மணிக்கு உறையூர் வீட்டுக்கு வந்து படுத்தால் எழுந்திருக்கப் பத்து மணி ஆகும். வாசலில் கோலம் எப்போது விழுகிறது என்று அப்படிப்பட்டவனுக்கு எப்படித் தெரியும்?

அன்று அச்சகத்தில் ஏதோ இயந்திரக் கோளாறு. வீடு திரும்பும்போது ஐந்தரை ஆகிவிட்டது. வாசல் வெறுமையாக இருந்தது. கம்பிக் கதவுக்குப் பின்னால் கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, இங்க உக்காந்திருக்க?"

"நல்லா வெளிச்சம் வரட்டும்னு இருக்கேன். வண்டில வந்து தாலிச் சங்கிலிய அறுத்துட்டுப் போறானுங்களாமே. தினம் மூணு பேர்கிட்டயாம்."

"யாரு சொன்னா?"

"பூக்காரம்மாதான். நம்ம பின்தெருவுலயே நடந்துச்சாம்."

மூணு பேர். அந்தத் தலைப்பை வைத்தவன் நான்தான்.

நடந்தது இதுதான். ஒரு நாள் இரவு மூன்று ஊர்களிலிருந்து மூன்று நிருபர்கள் தனித்தனியாக நகை பறிப்புச் செய்தி அனுப்பியிருந்தார்கள். வழக்கமாக இவை மூன்று பக்கங்களின் மூலைகளில் ஒற்றைப் பத்தியாகப் போய் உட்காரும். அன்று மாவட்டப் பக்கத்தில் ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில் விலகிக்கொள்ள, இடம் காலியாகிவிட்டது. மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டி, "ஒரே நாளில் 3 பெண்களிடம் நகை பறிப்பு" என்று தலைப்புக் கொடுத்தேன். மறுநாள் விற்பனைப் பிரிவில் அதையே கடைகளில் தொங்கவிடும் போஸ்டருக்கும் எடுத்துக்கொண்டார்கள். நன்றாகப் போனதாம்.

பகுதிநேர நிருபர்களுக்கு வந்த செய்திக்குத்தான் காசு. கட்டம் ஒன்று திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் இதுவரை எழுதத் தகாதது என்று விட்டுவைத்ததெல்லாம் வர ஆரம்பித்தது. பறிக்க முயன்று ஓடியவன், கவரிங் என்று தெரிந்து வீசிவிட்டுப் போனவன், போன மாதம் பறித்து இப்போது பிடிபட்டவன். "சார், இன்னைக்கு நகை பறிப்பு ஒண்ணு இருக்கு, கட்டத்துல சேத்துக்கங்க" என்று போனிலேயே சொல்வார்கள். போட்டிப் பத்திரிகையும் சும்மா இருக்குமா? இரண்டாவது வாரம் அவர்களும் ஒரு கட்டம் தொடங்கினார்கள். எங்களிடம் இல்லாதது அவர்களிடம் வந்தால் காலையில் எங்களுக்குத் திட்டு. அவர்கள் அலுவலகத்திலும் அதே கதைதான் என்று பிற்பாடு தெரிந்தது.

அம்மாவைக் கம்பிக் கதவுக்குப் பின்னால் பார்த்த அன்று மாலை எங்கள் கிரைம் நிருபரிடம் கேட்டேன். "நெசமாவே கூடியிருக்கா?" அவர் சிரித்தார். "போன வருசம் இதே மாசத்தோட பாத்தா ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருக்கும் சார். நாமதான் கூட்டியிருக்கோம்."

அப்போது எனக்கு ஊடகக் கோட்பாடு எதுவும் தெரியாது. அஞ்சல் வழியில் படித்த இதழியல் பட்டயம், பரீட்சை முடிந்ததும் கரைந்துபோனது. பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு கல்லூரியில் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். பாடத்திட்டத்தில் ஒரு அலகு முழுக்க ஊடக விளைவுக் கோட்பாடுகள். சரி, மாணவர்களுக்கு முன் நாம் படிப்போம் என்று உட்கார்ந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அந்த ஆகஸ்ட் மாதம் எழுந்து வந்தது.

முதலில் லிங்கன் ஸ்டெஃபன்ஸ். அவர் கோட்பாட்டாளர் அல்ல, 1890-களில் நியூயார்க்கில் போலீஸ் செய்தி சேகரித்த நிருபர். காவல் தலைமையகத்தில் துப்பறிவாளர்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு திருட்டைக் கேட்டு எழுதிவிட்டார். இன்னொரு பத்திரிகையில் இருந்த ஜேக்கப் ரீஸுக்கு அவருடைய அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. அவர் பதிலுக்கு வேறொரு திருட்டைத் தேடிப் பிடித்தார். மற்ற பத்திரிகைகளும் குதித்தன. நகரத்தில் குற்ற அலை அடிப்பதாக எல்லாரும் நம்பினார்கள். அப்போது காவல் வாரியத் தலைவராக இருந்தவர், பின்னாளில் அதிபரான தியடோர் ரூஸ்வெல்ட். அவர் விசாரித்ததும் ரீஸ் உள்ளதைச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் நிறுத்தினார்கள், அலையும் நின்றது. பிற்காலத்தில் ஸ்டெஃபன்ஸே தன் வாழ்க்கை வரலாற்றில் இதைச் சொல்லியிருக்கிறார். நூறு வருடத்துக்கு மேல் கழித்து அதே வேலையை அப்படியே திருச்சியில் செய்திருக்கிறேன், அவர் பெயர்கூடத் தெரியாமல்.

எங்கள் அலை எப்படி நின்றது தெரியுமா? ரூஸ்வெல்ட் யாரும் வரவில்லை. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். வேட்பாளர் பட்டியலும் பிரசாரமும் மாவட்டப் பக்கங்களை விழுங்கிவிட்டன. கட்டத்துக்கு இடமில்லை. வாசகர் ஒருவர்கூட "எங்கே அந்தக் கட்டம்" என்று கேட்கவில்லை. கேட்டவர்கள் நிருபர்கள் மட்டும்தான்.

வகுப்பில் பழைய கோட்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஊடகம் துப்பாக்கிக் குண்டு மாதிரி, ஊசி மருந்து மாதிரி நேராக உள்ளே இறங்கிவிடும் என்பது. முதல் உலகப் போர்ப் பிரசாரத்தைப் பார்த்து மிரண்டவர்களின் எண்ணம் அது. இதற்குச் சாட்சியாக 1938 அக்டோபர் 30 அன்று செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுத்து வந்துவிட்டதாகச் செய்தி மாதிரியே அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பான நாடகத்தைச் சொல்வார்கள், ஊரே தெருவுக்கு ஓடி வந்ததாக. அன்றிரவு கருத்துக்கணிப்பு ஒன்றில் விசாரிக்கப்பட்ட வீடுகளில் 2 சதவீதம்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன என்று பின்னாளில் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். பீதியைப் பெரிதாக்கியவை மறுநாள் நாளிதழ்கள். விளம்பர வருவாயில் வானொலி அவற்றுக்குப் போட்டி. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை, போஸ்டர்தான் நினைவுக்கு வந்தது.

என்னை உட்காரவைத்தது அடுத்தது. 1940 அதிபர் தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய கூட்டாளிகளும் ஒஹையோ மாநிலத்து ஈரி மாவட்டத்தில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் சந்தித்துப் பேசினார்கள். பத்திரிகையும் வானொலியும் மனத்தை மாற்றுவதைப் பிடித்துவிடலாம் என்று போனவர்களுக்குக் கிடைத்தது வேறு. கட்சி மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். முடிவெடுக்க உதவியது எது என்றால், தெரிந்தவர் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்றார்கள். செய்தி முதலில் ஊரில் விவரம் தெரிந்த சிலரிடம் போகிறது, அவர்கள் வாய் வழியாகத்தான் மற்றவர்களிடம் வருகிறது. இரண்டு படி.

அம்மா நான் வேலை பார்த்த பத்திரிகையைப் படிக்கிறவள் அல்ல. கண்புரை. வாரப் பலன் மட்டும் என் மனைவி வாசித்துச் சொல்லுவாள். பூக்காரம்மாவும் படிக்கத் தெரியாதவர். அவர் பூவை எடுத்துக்கொண்டு வரும் வழியில் நாச்சியார்கோவில் பக்கம் ஒரு டீக்கடை. அங்கே காலையில் ஒருவர் உரக்க வாசிப்பார், நாலு பேர் கேட்பார்கள். தமிழ்நாட்டில் பத்திரிகை பாதி காதால் படிக்கப்படுவது. அங்கே கேட்டதை பூக்காரம்மா வீடு வீடாகப் பூவோடு கொண்டுவந்தார். ஆக, எங்கள் வீட்டில் ஒரு அறையில் நான் தூங்கிக்கொண்டிருக்க, நான் எழுதிய தலைப்பு டீக்கடை போய், பூக்கூடையில் ஏறி, எங்கள் வாசலுக்கே வந்திருக்கிறது. வரும் வழியில் முசிறியில் நடந்த பறிப்பு எங்கள் பின்தெருவுக்கு இடம் மாறியிருக்கிறது. லாசர்ஸ்ஃபெல்ட் இரண்டு படி என்றார். நான் எண்ணிப் பார்த்ததில் நாலு.

அதற்காகப் பத்திரிகைக்குப் பலமில்லை என்று சொல்லிவிட முடியாது. 1968-ல் மாக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்ட் ஷாவும் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவுசெய்யாத 100 பேரிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலும், அவர்கள் பார்க்கும் ஊடகங்கள் பெரிதாகப் போட்ட செய்திகளின் பட்டியலும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் இருந்தன. என்ன நினைப்பது என்பதைவிட எதைப் பற்றி நினைப்பது என்பதில்தான் பத்திரிகையின் கை ஓங்கியிருக்கிறது என்று பெர்னார்ட் கோஹன் 1963-லேயே சொல்லியிருந்தார். பூக்காரம்மா ஊரை மாற்றினார், எண்ணிக்கையைப் பெருக்கினார். பேசுபொருளை மட்டும் மாற்றவில்லை. அதை நான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

இங்கே ஒரு மாணவி கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் கெர்ப்னரின் கோட்பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் வன்முறையை அதிகம் பார்க்கிறவர்களுக்கு உலகமே கொடூரமானதாகத் தோன்றும் என்பது அவர் வாதம். அம்மா கதையை உற்சாகமாகச் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து, "சார், உங்கம்மா வேற காரணத்துக்காகவும் பயந்திருக்கலாம் இல்லையா?" என்றாள்.

சரியான கேள்வி. 1979-ல் டூப், மெக்டொனால்ட் என்ற இருவர் டொராண்டோவில் இதையேதான் பார்த்தார்கள். குடியிருக்கும் பகுதியில் உண்மையிலேயே எவ்வளவு குற்றம் நடக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்ததும், தொலைக்காட்சிக்கும் பயத்துக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. குற்றம் அதிகமுள்ள நகரப் பகுதியில் மட்டும் மிஞ்சியது. எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா அந்த வருடம் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அதற்கு முன்பெல்லாம் அம்மா கோலம் போடும்போது அவர் திண்ணையில் பேப்பர்காரப் பையனுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் துணை போய்விட்டது. எதிரே தெருவிளக்கு எரிந்து மாதக்கணக்காயிற்று. நான் வேறு வீட்டில் இருப்பதில்லை. இத்தனைக்கு நடுவில் என் தலைப்பு எவ்வளவு பங்கு? பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த மாணவிக்கு அதைத்தான் சொன்னேன்.

கிரைம் நிருபர் சொன்ன கணக்கை அம்மாவிடம் அப்போதே சொல்லிப் பார்த்தேன். "கூடலம்மா, போன வருசம் மாதிரியேதான் இருக்கு." அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "உனக்கென்னடா தெரியும்? நீ ராத்திரியெல்லாம் ஆபீஸ்ல இருக்க."

பல வருடம் ஆசிரியர் குழுவில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. "இதைப் போட்டா ஜனங்க என்ன நினைப்பாங்க" என்போம். ஜனங்கள் என்பதில் எங்களைச் சேர்க்க மாட்டோம். இதற்கும் ஒரு கோட்பாடு இருக்கிறது. ஃபிலிப்ஸ் டேவிசன் 1983-ல் எழுதியது. ஊடகம் மற்றவர்களைத்தான் பாதிக்கும், தன்னைப் பாதிக்காது என்று ஒவ்வொருவரும் நினைப்பதும், அந்த நினைப்பிலேயே நடந்துகொள்வதும். அவர் சொல்லும் உதாரணம் இரண்டாம் உலகப் போரின் இவோ ஜிமா தீவு. வெள்ளை அதிகாரிகளின் கீழ் கறுப்பினச் சிப்பாய்கள் இருந்த ஒரு படைப்பிரிவின் மேல், இது வெள்ளையர்களின் போர், உங்களுடையது அல்ல என்று ஜப்பானிய விமானங்கள் துண்டறிக்கை வீசின. மறுநாள் அந்தப் பிரிவு திரும்பப் பெறப்பட்டது. சிப்பாய்கள் மனம் மாறியதாகத் தடயமில்லை. அவர்கள் மாறிவிடுவார்களோ என்று அதிகாரிகள் பயந்ததுதான் வேலை செய்திருக்க வேண்டும்.

அதைப் படித்த இரவு மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நீங்க மட்டும் என்னவாம்? அந்த வருசம் என் தங்கச்சி கல்யாணத்துக்கு பஸ்ல போறப்ப, செயினை முந்தானையால மூடிக்கோன்னு நாலு தடவை சொன்னீங்களே." எனக்கு மறந்தே போயிருந்தது. கணக்கு தெரிந்தவன், கட்டம் கட்டியவன், அது ஒரு விளம்பரம் விலகியதால் பிறந்தது என்று அறிந்தவன். நானும் பயந்திருக்கிறேன்.

இப்போது மாணவர்கள் வாட்ஸ்அப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம், குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தைத் தாக்கியதில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். கோலம் நின்றதோடு ஒப்பிடவே கூடாத விஷயம். வதந்தியை நம்ப வேண்டாம் என்ற காவல்துறை அறிவிப்புகளை எங்கள் தொழிலில் எத்தனையோ முறை ஒற்றைப் பத்தியாகப் போட்டிருக்கிறோம். அதே வருடம் ஜூலையில், வந்த ஒரு தகவலை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாது என்று இந்தியாவில் வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பூக்காரம்மா ஒரு நாளைக்கு ஐந்து வீட்டுக்கு மேல்தான் போவார். ஆனால் அவர் முகம் எங்களுக்குத் தெரியும்.

டேவிட் மானிங் வைட் என்பவர் 1949-ல் அமெரிக்க நாளிதழ் ஒன்றின் செய்தி ஆசிரியரிடம், ஒரு வாரம் நீங்கள் நிராகரிக்கும் செய்திகளை எல்லாம் எடுத்து வையுங்கள், ஏன் என்று எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆய்வில் அந்த ஆசிரியருக்கு 'மிஸ்டர் கேட்ஸ்' என்று பெயர், வாயில் காப்பவர். தந்தி வழியாக வந்தவற்றில் பத்தில் ஒன்பது பங்கை அவர் தள்ளியிருந்தார். பல செய்திகளின் மேல் அவர் எழுதியிருந்த காரணம்: இடமில்லை.

2006 நவம்பர் கடைசியில் மாநகராட்சி ஆட்கள் வந்து எங்கள் தெருவிளக்கை மாற்றினார்கள். மார்கழி பிறப்பதற்குள் அம்மா பழையபடி ஐந்து மணிக்கே கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் இருந்தாள். நகை பறிப்பு நின்றுவிட்டதா என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை.

தெருவிளக்கு எரியவில்லை என்று வாசகர்கள் எழுதும் கடிதங்கள் எங்கள் மேசைக்கு வாரம் பத்துப் பதினைந்து வரும். வார்டு எண், கம்பத்தின் எண் எல்லாம் போட்டு எழுதுவார்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அவற்றில் ஒன்றைக்கூட நான் போடவில்லை. கட்டம் போக மீதி இடத்தில் அதற்கு எங்கே?