பந்தாய் கெராச்சுட்டுக்குப் புறப்படும் முன்: ஒரு விரிவுரையாளரின் நாட்குறிப்பு

அக்டோபர் 24, 2025, வெள்ளி

தீபாவளி விடுமுறை முடிந்ததும் துறைக் கூட்டம். பிப்ரவரியில் நடத்தப்போகும் காட்டுக் களப்படிப்புக்கு ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார்கள். மலேசியாவின் பினாங்கு தேசியப் பூங்காவில், பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் மூன்று பகல், இரண்டு இரவு. எந்தத் துறை மாணவரும் சேரலாம் என்று நான் எழுதியிருந்த ஒற்றை வரிக்குத்தான் அத்தனை வாக்குவாதமும்.

"உயிரியல் படிக்காதவனுக்குக் காட்டில் என்ன வேலை?" என்று மூத்த விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். குறைந்தது ஒரு தாளாவது தேறியிருக்க வேண்டுமாம்.

"சார், மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்கணும். சரிவில் நிற்கும் மரம் என்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்கணும். பலகை வேர் இருந்தால் அதற்கும் மேலே போகணும். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் போதாதா?" என்றேன்.

உண்மையில் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். அதில் உயிரியல் பிள்ளைகள் ஒன்றும் முந்தி நிற்பதில்லை. பெயர் தெரிந்தவன் பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறான். தெரியாதவன்தான் இலையைத் திருப்பிப் பார்க்கிறான்.

கடைசியில் துறைத் தலைவர், "சரி, ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார். 24 இடங்கள். போதும்.

அக்டோபர் 26, ஞாயிறு

நாள் குறிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தத் தீவில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை. 2017 நவம்பர் 4, 5-இல் அடித்த புயல்மழையில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்பது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. ஆகவே ஆண்டுக் கடைசி பேச்சுக்கே இடமில்லை. ஜனவரி, பிப்ரவரிதான் காய்ந்த மாதங்கள். ஆனால் திருநாள் எல்லாம் அங்கேதான் வந்து குவிகிறது. தைப்பூசம் பிப்ரவரி 1. காவடி எடுக்கிற பிள்ளைகள் அதுவரை விரதத்தில் இருப்பார்கள். தண்ணீர்ப்பந்தலில் நிற்பவர்களுக்கு அந்த வாரம் தூக்கமே இருக்காது. சீனப் புத்தாண்டு 17. நோன்பு 19 வாக்கில் ஆரம்பம். நடுவில் மிஞ்சுவது 6, 7, 8 மட்டும்.

அதிலும் ஒரு வசதி இருக்கிறது. பூச நிலா கழிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கடலின் ஏற்றவற்றம் அடங்கியிருக்கும். படகில் வருகிறவர்களுக்கு அது நல்லது.

ஒரு நஷ்டமும் உண்டு. பந்தாய் கெராச்சுட்டின் பின்னால் இருக்கும் ஏரியில் மேலே ஓடைத்தண்ணீர், அடியில் கடல்தண்ணீர் என்று இரண்டும் கலக்காமல் கிடக்கும். உப்புத்தண்ணீர் கனமானது, கீழேயே தங்கிவிடும். பாடப்புத்தகத்தில் படிப்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான இடம். ஆனால் ஏரி நிறைவது மழையில்தான். பிப்ரவரியில் வெறும் சேறாகவும் கிடக்கலாம். புவியியல் சொல்லித்தரும் தோழிக்கு இதில் மனவருத்தம். எனக்கு அவ்வளவு இல்லை. சேறு இருந்தால் கால்தடம் இருக்கும். உடும்பு நடந்தால் நகக்குறிகளுக்கு நடுவே வால் இழுத்த கோடு விழும். அதை மாவுக்கட்டு மாவில் வார்த்து எடுப்பது எந்தத் துறைப் பிள்ளைக்கும் முடிகிற வேலை. ஏரி நிறைந்திருந்தால் நூலில் கட்டிய பாட்டிலை இறக்கி அடித்தண்ணீர் எடுப்போம், காய்ந்திருந்தால் கால்தடம் எடுப்போம். இரண்டுக்கும் சாமான் கொண்டுபோகிறோம்.

நவம்பர் 1, சனி

தெலுக் பாஹாங் போய்ப் பாதையைப் பார்த்து வந்தேன். பூங்கா அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டு உள்ளே போனால் கொஞ்ச தூரத்தில் வழி பிரிகிறது. கரையோரமாகப் போவது தெலுக் டுயோங்கும் முக்கா ஹெட் கலங்கரை விளக்கமும். காட்டுக்குள் ஏறுவது கெராச்சுட். வேகமாக நடப்பவர்கள் சொல்லும் நேரத்தை நம்பிப் பயனில்லை. பை தூக்கிய 24 பேர், அதில் பாதி முதல் தடவை காட்டில் நடப்பவர்கள், நின்று நின்று எழுதிக்கொண்டு போனால் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வதுதான் சரி.

மழை விட்ட நேரம். மேட்டைத் தாண்டுமிடத்தில் வேர்கள் வழுக்கின. ஓரிடத்தில் லூத்தோங் குரங்குக் கூட்டம் ஒன்று. சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஒரு தாயின் வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்து கொஞ்ச காலம் அந்த நிறம் இருக்கும், அப்புறம்தான் சாம்பலாக மாறும். கீழே கடற்கரையில் அதற்கு நேர்மாறான கூட்டம். நீளவால் குரங்குகள், பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே ஓடி வருகின்றன. சாப்பாடு எல்லாம் மூடி போட்ட வாளியில் போக வேண்டும் என்று அங்கேயே எழுதிக்கொண்டேன்.

இன்னொன்றும் எழுதினேன்: கடலில் இறங்கக் கூடாது. பினாங்குக் கடலில் பெட்டிச்சொறி என்னும் நச்சு ஜெல்லிமீன் உண்டு, நீரிழுப்பும் உண்டு. முதலுதவிப் பெட்டியில் வினிகர் இரண்டு போத்தல்.

நவம்பர் 8, சனி

அறிமுகக் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் வெற்றுச் சீட்டு கொடுத்து, "எது உங்களை வரவிடாமல் தடுக்கும்? பெயர் வேண்டாம்" என்றேன். பாம்புதான் முதலில் வரும் என்று பார்த்தால், கழிவறை முதலில் வந்தது. மாதவிலக்கு நாளாக இருந்தால் என்ன செய்வது என்று பல பெண்கள். பணம். நீச்சல் தெரியாது. அம்மா விடமாட்டார். குண்டாக இருக்கிறேன், பின்தங்கினால் சிரிப்பார்கள். தொழுகைக்கு நேரம் கிடைக்குமா. பேய் என்று மூன்று சீட்டு, அதில் ஒன்றில் "சீரியஸாகத்தான் கேட்கிறேன்" என்று அடிக்கோடு வேறு.

இந்தச் சீட்டுகள் இல்லாமல் நான் திட்டம் போட்டிருந்தால் பாம்புக்கடிக்கு ஒரு பக்கம் எழுதியிருப்பேன், கழிவறைக்கு ஒரு வரி. இப்போது அது தலைகீழ். பெண்கள் பக்கத்துக்குத் தனிக் கூடாரம், மூடி போட்ட குப்பைவாளி, தேவையான பொருள் எல்லாம் பொதுப்பையில், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். நடக்கும்போது மெதுவாக நடப்பவர்தான் முன்னால். அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். சாப்பாடு ஒரே அடுப்பில், ஹலால், மரக்கறி. வேண்டுமென்பவருக்குச் சார்டின் டின் தனியாக.

பேய்க்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. தனியாக யாரையும் இருட்டில் அனுப்பமாட்டோம் என்று எழுதியிருக்கிறேன். அது பேய்க்கும் ஆகும், மனிதருக்கும் ஆகும்.

நவம்பர் 22, சனி

பெற்றோர் கூட்டம். முன்வரிசையில் ஒரு கணக்கியல் மாணவியின் அம்மா, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் படம் போட்டு யுனெஸ்கோ பெருமையெல்லாம் சொன்னேன். 2021-இல் கொடிமலை (பினாங்கு மலை) உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது இந்தப் பூங்காவும் அதற்குள் வந்தது, மொத்தம் 12,481 ஹெக்டேர் என்றெல்லாம். அவர் அசரவில்லை.

"டீச்சர், எங்கம்மா ரப்பர் தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடி பால்மரம் வெட்டப் போனவங்க. நானும் கூடவே போயிருக்கேன். காடு எனக்குத் தெரியும். ராத்திரி தலையெண்ணிப் பார்க்கறது யாரு? அதைச் சொல்லுங்க."

நல்ல கேள்வி. நாலு பேர் ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர், படுக்கும் முன்னும் எழுந்ததும் எண்ணிக்கை ஆசிரியரிடம் வரும், இரண்டு ஆசிரியைகள் பெண்கள் பக்கத்திலேயே படுப்பார்கள் என்று சொன்னேன். "நடுராத்திரி?" என்றார். நடுராத்திரி ஆசிரியர்கள் முறைவைத்து விழித்திருப்பது திட்டத்தில் சேர்ந்தது அப்படித்தான்.

அப்புறம் அவர் சாமான் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மலையேறுற சப்பாத்து எதுக்கு? ரப்பர் சப்பாத்து வாங்கிக்குடுங்க" என்றார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. ஆனால் சொன்னது முழுக்கச் சரி. அடிடாஸ் கம்போங் (கிராமத்து அடிடாஸ்) என்று ஊரே கேலியாகப் பேர்வைத்திருக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் காலணியைத்தான் இங்கே மலையேறும் பெரியவர்கள் பாதிப்பேர் போட்டிருக்கிறார்கள். ஒரே வார்ப்பு, தையல் கிடையாது. அடியில் முள்முள்ளாக ரப்பர்க் குமிழ்கள், ஈரவேரில் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் புகுந்தால் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். பெரிய கடையில் கேட்கும் 300 வெள்ளி (ரிங்கிட்) எங்கே, சாமான்கடையில் பத்துப் பதினைந்து வெள்ளி எங்கே. ஒரு குறை: பாதம் வெந்துபோகும், தடித்த காலுறை வேண்டும். எல்லாருக்கும் அதுவே என்று முடிவு செய்தோம். யாருடைய அப்பா என்ன சம்பாதிக்கிறார் என்பது காலைப் பார்த்தால் தெரியாது.

மாணவிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அம்மா போகும்போது கையெழுத்தைப் போட்டுவிட்டு, "படம் அனுப்பணும்" என்றார். அங்கே லைன் சரியாகக் கிடைக்காது என்பதைத் திரும்பவும் சொன்னேன்.

நவம்பர் 30, ஞாயிறு

படகுப் பேச்சு. ஒரு மாணவனுக்கு இடதுகால் தசையில் பலமில்லை, மேடு ஏற முடியாது. "நான் கரையில் உட்கார்ந்து சாமான் பார்த்துக்கொள்கிறேன் டீச்சர்" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது, அவன்மேல் இல்லை. இத்தனை வருஷமாக அவனுக்குக் கிடைத்துவந்தது சாமான் பார்க்கும் வேலைதான் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

கெராச்சுட்டில் ஏரியும் கடற்கரையும் ஆமைக் காப்பகமும் சமதரையில்தான் இருக்கின்றன. ஆகவே அவனுடைய குழு முழுவதும் அவனோடு படகில் போகும், மற்றவர்கள் வருவதற்குள் ஏரிக்கரை அளவைத் தொடங்கிவிடும். மலைவழி நடந்தவர்கள் ஏரிக் கணக்கை அவர்களிடமிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். படகோட்டி பாக் சிக் ஒரு நிபந்தனை போட்டார்: மதியத்துக்கு அப்புறம் காற்று எழும், காலையிலேயே வந்துவிடுங்கள்.

ஆமையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பேராமை முட்டையிட வருவது பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை. பங்குனி ஆமை செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை. நாங்கள் போவது அந்தப் பருவத்தின் கடைசியில். பார்த்தாலும் பார்க்கலாம், ஆசை காட்டப்போவதில்லை. ஆனால் மணலில் வெப்பமானி குத்தி அளக்கலாம். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண் கூடும். நிழலில் ஒரு குழி, வெயிலில் ஒரு குழி, மூன்று நாள் அளவு. வணிகப் பிரிவுப் பையன்கள் இப்போதே அட்டவணை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

டிசம்பர் 6, சனி

குறிப்பேடு பயிற்சி, கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் புதரில். பேனா வேண்டாம், பென்சில். மழையில் மை கரையும். முதலில் நாள், நேரம், இடம், வானிலை. அதற்கப்புறம்தான் மற்றது. அமெரிக்க விலங்கியலாளர் ஜோசப் கிரின்னெல் பெர்க்லி அருங்காட்சியகத்தில் 1908 முதல் தன் ஆட்களை நாளும் இடமும் தவறாமல் எழுத வைத்தார். நூறு ஆண்டு கழித்து அந்தக் குறிப்பேடுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களுக்கு மறுபடி போனார்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் சில சின்ன விலங்குகள் மலையில் மேலே ஏறிவிட்டதை அப்படித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. இதைச் சொன்னபோதுதான் பின்வரிசை தொலைபேசியைக் கீழே வைத்தது.

புதரில் ஒரு மகராங்கா மரம் நின்றது. சில மகராங்கா வகைகளின் தண்டு உள்ளே கூடாக இருக்கும், எறும்பு அதற்குள் குடியிருக்கும். மரம் இடமும் தீனியும் தருகிறது, எறும்பு இலைதின்னிகளை விரட்டுகிறது. நம் கணக்கியல் மாணவி குறிப்பேட்டில் நடுவே கோடு கிழித்து, மரத்துக்கு ஒரு பக்கமும் எறும்புக்கு ஒரு பக்கமுமாக வரவுசெலவு எழுதியிருந்தாள். கீழே, "எறும்பு இல்லாவிட்டால் மரத்துக்கு எவ்வளவு நஷ்டம்? பக்கத்தில் எறும்பில்லாத மரம் வேண்டும்" என்று ஒரு வரி. ஒப்பிட இரண்டாவது மரம் வேண்டும் என்று நான் இன்னும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அந்தப் பக்கத்தை நகலெடுத்து மூத்த விரிவுரையாளரின் மேசையில் வைத்தேன். பதில் ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 13, சனி

பட்டியல் முடிந்தது. 24 இடமும் நிறைந்து, காத்திருப்பில் ஏழு பேர். உயிரியல் பிள்ளைகள் ஒன்பது பேர்தான். மிச்சம் கணக்கியல், வணிகம், தமிழ், ஹோட்டல் நிர்வாகம், கணினி. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கான கூடார அனுமதிக் கடிதம் போய்விட்டது. திங்கட்கிழமை காப்புறுதி ஃபாரம் அனுப்ப வேண்டும். எலிக்காய்ச்சல் எச்சரிக்கையை இன்னும் ஒரு தடவை சொல்ல வேண்டும், புண் இருக்கும் காலோடு ஓடையில் இறங்கக் கூடாது.

ஹோட்டல் நிர்வாகப் பிள்ளைகள் சமையலை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சந்தோஷம்தான், ஆனால் மரம் அளக்கும் நேரத்தில் யாரும் அடுப்படியில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவும் முறைவரிசை இன்னும் போடவில்லை. அதில் ஆசிரியர்கள் பெயரும் வரும்.